துளசிக் குடும்பத்தின் பழைய சீட்டுகள்

சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையை விட்டு வந்த மூன்று ஆண்டுகளில் ஆறு வேலை பார்த்தேன். எதிலும் நிலைக்கவில்லை. ஏழாவது வேலை, செத்த செடிகளுக்குப் பெயர் ஒட்டும் இடத்தில் கிடைத்தது.

அரசாங்கப் பூந்தோட்டம் ஒன்றின் பின்புறம், பெரிய மரங்களுக்கு நடுவில் நீளமான ஒரு கட்டடம். உள்ளே வரிசையாக அலமாரிகள். அலமாரிகளுக்குள் கெட்டித் தாள்கள். தாளுக்கு ஒன்றாகக் காய்ந்த செடி. காட்டிலிருந்து கொண்டுவந்த செடியைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, காய வைத்து, பூச்சி அரிக்காமலிருக்க பாதரச விஷம் கலந்த சாராயத்தில் முக்கி எடுத்து, தாளில் ஒட்டுவார்கள். தடித்த தண்டாக இருந்தால் நூலால் தைப்பார்கள். ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். எந்த ஊரில், யார், எப்போது பறித்தது, என்ன பெயர் என்பது அதில் இருக்கும்.

நான் தினக்கூலிக்குப் புல் வெட்டத்தான் சேர்ந்தேன். ஏழாவது வரை படித்தவன், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவான் என்று தெரிந்ததும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். வெயில் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு மாதத்தில் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. ஈறு வலித்தது. சோறு தகரம் போல் ருசித்தது. கையுறை ஒரே ஒரு சோடிதான்; அதையும் எனக்கு முன்னால் இருந்தவன் ஓட்டையாக்கிவிட்டிருந்தான். தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் பதினோரு பேரோடு படுத்திருந்தேன். என் உடம்பிலிருந்து வந்த பூச்சிமருந்து வாடையால் என் பக்கம் மூட்டைப்பூச்சி வருவதில்லை என்று சொல்லி, என் பக்கத்து இடத்துக்கு அங்கே போட்டி இருந்தது.

ஒட்டும் மேசைக்குப் பொறுப்பு இன்னொரு தமிழர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கத்தோலிக்கர். கெட்டிக்காரக் கை. வேர் முதல் பூ வரை ஒரு செடியைத் தாளில் அவர் கிடத்தினால், அது அப்படியே படுத்து உறங்கியது போலிருக்கும். மனைவி, நாலு பிள்ளைகளோடு தோட்டத்து ஓரத்தில் இருந்த தொழிலாளர் குவாட்டர்சில் குடியிருந்தார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைக் கூப்பிடுவது அவருடைய மனநிலையைப் பொறுத்தது.

“கப்பல் சுரண்டி, அந்தப் பசை வாளியக் கொண்டா.”

“கப்பல விட்டு வந்து மூணு வருசமாச்சு அண்ணே.”

“கப்பல் ஒன்னைய விடலயேலா. தாளத் தேய்க்கிற தேய்ப்பப் பாரு. அது செடிடா, இரும்புல்ல.”

எங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரர். துளசிக் குடும்பத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். செடிகளுக்கும் குடும்பம் உண்டு என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. துளசி, தும்பை, புதினா எல்லாம் ஒரே குடும்பம். தண்டு சதுரமாக இருக்கும், இலைகள் எதிரெதிராக முளைக்கும், பூவுக்கு உதடு இருக்கும். இந்த மூன்றும் வைத்து உறவு சொல்லலாம். துரை சில நாட்களில் பல்கலைக்கழக மாணவர்களை அழைத்துவந்து பேசுவார். தாள்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கை கடுக்கும். இங்கிலீஷில் பாதிதான் புரியும். புரிந்த பாதி இது.

முன்பெல்லாம் ஒரு செடியின் பெயர் ஒரு நீளமான வாக்கியமாக இருந்ததாம். இலை இப்படி, தண்டு இப்படி, பூ இப்படி என்று லத்தீனில் பத்துப் பன்னிரண்டு சொல். ஆளுக்கொரு வாக்கியம் எழுதியதால் ஒருவர் சொல்லும் செடி எது என்று மற்றவருக்குத் தெரியவில்லை. சுவீடன் நாட்டு மருத்துவர் ஒருவர்தான் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதை இரண்டு சொல்லாக வெட்டினார். முதல் சொல் கூட்டத்துக்கு, இரண்டாவது அந்தச் செடிக்கு மட்டும். அவர் பூவுக்குள் இருக்கும் மகரந்தக் காம்புகளை எண்ணி, ஐந்து இருப்பதை ஓரிடம், ஆறு இருப்பதை ஓரிடம் என்று பிரித்தாராம். எண்ணுவதற்கு அது வசதி. ஆனால் அப்படிப் பிரித்ததில் உறவுக்காரர்கள் பிரிந்துபோனார்கள், சம்பந்தமில்லாதவர்கள் ஒரு வீட்டில் சேர்ந்தார்கள் என்று பின்னால் வந்தவர்கள் மாற்றி அடுக்கினார்கள். இன்னும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர் பெயர் வைத்த செடிகளில் பாதியை உயிரோடு பார்த்ததில்லை. மாலுமிகளும் பாதிரிமார்களும் மருத்துவர்களும் எங்கெங்கோ பறித்துக் காயவைத்துக் கப்பலில் அனுப்பியதைப் பார்த்துத்தான் வைத்தார். அதனால்தான் இந்தக் காய்ந்த தாள்களுக்கு இவ்வளவு மரியாதை. ஒரு பெயருக்கு ஒரு தாள். அந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று பின்னால் சண்டை வந்தால், முதலில் பெயர் வைத்தபோது கையில் இருந்த அந்தத் தாளைத்தான் தேடி எடுப்பார்கள். முதல் தாள் என்று உறுதியானவற்றைச் சிவப்பு உறையில் வைப்போம்.

நாட்டில் ஆட்சி மாறி, வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். துரையும் அந்த ஆண்டு ஊருக்குப் போக வேண்டும். போவதற்கு முன், கல்கத்தாவிலிருந்து இரவல் வாங்கிப் பார்த்த இருபத்தாறு தாள்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். இரவல் தாளில் அவர் முடிவு செய்த பெயரைத் தட்டச்சு செய்து புதுச் சீட்டாக ஒட்டி அனுப்புவது வழக்கம். சீட்டுகள் தயாராக இருந்தன. இரவல் தாளைத் தொட அண்ணனுக்கு மட்டும்தான் அனுமதி. பதிவேட்டில் ஒட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் மூத்த பெண்ணுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடுப்பு தைத்து வாங்க வேண்டும், சமையலுக்கு ஆள் பிடிக்க வேண்டும். விடுப்பெல்லாம் முன்பே தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை துரை வேறு ஏதோ கூட்டத்துக்குப் போகிறார் என்று தெரிந்ததும் அண்ணன் என்னிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். பதிவேட்டில் முன்கூட்டியே கையெழுத்தும் போட்டார்.

“சீட்ட ஒட்டு, அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணிறாத. சனிக்கிழம காலைல வந்து கட்டி வச்சிர்றேன்.”

“நான் பாத்துக்கறேன் அண்ணே.”

வெள்ளிக்கிழமை தனியாக உட்கார்ந்து தாள்களை எடுத்தேன். எங்கள் தாள்களில் சீட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். இவை பழசு. ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு சீட்டுகள் இருந்தன. ஒருவர் ஒரு பெயர் சொல்லியிருந்தார். அடுத்தவர் அது தப்பு என்று வேறு பெயர் ஒட்டியிருந்தார். அதற்கு மேல் இன்னொருவர். பழுப்பேறி, ஓரம் பூச்சி தின்று, புதுச் சீட்டு ஒட்ட இடமே இல்லாமல் கிடந்தன. பெயர் மாறிவிட்டது, துரை சரியான பெயரைக் கண்டுபிடித்துவிட்டார், பிறகு தப்பான பெயர்கள் எதற்கு என்று நினைத்தேன். கப்பல் பட்டறையில் ஏழு வருடம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். பழைய சாயத்தின் மேல் புதுச் சாயம் அடித்தால் ஃபோர்மன் அடிக்க வருவான். இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து, மெல்லிய கத்தியால் ஒவ்வொரு பழைய சீட்டாக எடுத்தேன். ஒரு இலை உதிரவில்லை. தும்பைச் செடி ஒன்றின் அடிச் சீட்டில், பாசி நிற மசியில் ஓர் ஊர்ப் பெயர் இருந்தது. தரங்கம்பாடி. ரயில் நிலையப் பலகையில் இங்கிலீஷில் பார்த்துப் பழகிய அதே எழுத்துகள். நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவன், அது பக்கம்தான். எனக்கு முன்னால் நூற்றைம்பது வருடமோ என்னவோ, இது கிளம்பியிருக்கிறது என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. முதுகு வலித்தது. அந்தச் சீட்டையும் எடுத்தேன். எல்லாவற்றையும் கூட்டிக் குப்பைச் சாக்கில் போட்டேன். இருபத்தாறு தாளிலும் ஒவ்வொரு வெள்ளைச் சீட்டு, நேராக, ஒரே உயரத்தில். அழகாக இருந்தது.

சனிக்கிழமை காலை அண்ணன் வந்து, கட்டுவதற்குத் தாள்களை எடுத்தார். ஒரு தாளைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார்.

“பழைய சீட்டெல்லாம் எங்கடா?”

“எடுத்துட்டேன் அண்ணே. பாத்தீங்களா, ஒரு கிழிசல் இல்லலா.”

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு முன்பே புரிந்திருக்கும்.

“அத எடுக்கவே கூடாதுடா,” என்றார். “தப்பாருந்தாலும் எடுக்கக் கூடாது. எங்க பறிச்சது, யாரு பறிச்சதுன்னு அதுலதான இருக்கு. சீட்டு இல்லன்னா இது வெறும் காஞ்ச தழை. மாட்டுக்குப் போடலாம்.”

பிறகு பதிவேட்டைத் திறந்து தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வேல போனா குவாட்டர்ச ஒரு மாசத்துல காலி பண்ணணும்,” என்றார், என்னிடம் இல்லாதது போல.

குப்பை போகும் இடத்துக்கு ஓடினோம். தோட்டத்துச் சருகை எரிக்கும் மேடு அது. எங்கள் சாக்கில் பாதி ஏற்கெனவே நெருப்புக்குள். மீதியைக் காலால் இழுத்துப் போட்டோம். அண்ணனின் வேட்டி ஓரம் கருகியது. சாம்பலும் சருகுமாகக் கிடந்ததை மேசைக்குக் கொண்டுவந்து பொறுக்கினோம். சீட்டு ஒட்டியிருந்த இடம் மட்டும் தாளில் பழுப்பு ஏறாமல் வெளுப்பாக இருக்கும். ஒவ்வொரு சீட்டின் ஓரத்தையும் பூச்சித் துளையையும் அந்த வெளுப்போடு பொருத்திப் பார்த்தோம். பொருந்தினால் ஒட்டினோம். வேலை முடியும் மணி அடித்து எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தோம். பத்தொன்பது தாள்கள் ஏறக்குறையத் தேறின. ஏழு தாள்களுக்கு ஒரு சீட்டும் கிடைக்கவில்லை. தும்பை அந்த ஏழில் ஒன்று.

அண்ணன் எழுந்து போய்ப் பழைய பதிவேடு ஒன்றின் கடைசி வெற்றுத்தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். கோப்பையில் மீதியிருந்த கோப்பியைத் தண்ணீரில் கலந்து தாளில் தடவிக் காயவைத்தார். எனக்குப் புரிந்தபோது அவர் மசியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“தும்பைக்கு என்னா ஊர் போட்டிருந்துச்சு?”

“தரங்கம்பாடி.”

பழைய சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து வேலை செய்த கை. அந்தக் காலத்துச் சாய்வு, வால், சுழி எல்லாம் வந்தது. நான் எடுத்த சீட்டே திரும்பி வந்தது போலிருந்தது.

“மத்த ஆறுக்கும் என்னா ஊரு?”

“ஞாபகமில்ல அண்ணே.”

“ஏதாவது சொல்லு. மெட்ராஸ் போடலாமா? தஞ்சாவூரு? ஒண்ணுக்குத் திருச்சி போடுவம். எங்க மாமனார் ஊரு, சந்தோசப்படுவாரு.” சிரிக்கப் பார்த்தார்.

எனக்கு என் அடையாள அட்டை நினைவுக்கு வந்தது. அட்டை கொடுத்த நாளில் வரிசை நீளம், எழுதியவருக்கு அவசரம். நான் சொன்ன ஊரை விட்டுவிட்டு, எனக்கு முன்னால் நின்றவனின் ஊரையே எனக்கும் எழுதிவிட்டார். வயதையும் தோராயமாகப் போட்டார். திருத்தப் போன இடங்களில், அட்டையில் உள்ளதுதான் சரி என்றார்கள். இன்றுவரை நான் போயிராத ஓர் ஊரில்தான் பிறந்திருக்கிறேன். எனக்கு வாய் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தத் தழைக்கு அதுவும் இல்லை.

“வேணாம் அண்ணே,” என்றேன். “நான் தொரைகிட்ட சொல்லிர்றேன்.”

“என்னான்னு சொல்லுவ? ஒன்னைய நான் ஒட்டச் சொன்னேன்னா?”

“நீங்க ஒட்டி முடிச்சிட்டீங்க. பெறகு நானா போய் அழகு பாக்க எடுத்தேன். அப்படிச் சொல்றேன்.”

“நீ மூட்டையத் தூக்கிக்கிட்டு அடுத்த எடத்துக்குப் போயிருவ. வழக்கந்தான். எனக்கு நாலு புள்ளைங்க இருக்குடா. அவரு நம்பலன்னா?”

நம்பாவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அவர் எழுதிய அந்த ஒரு சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக் கிழித்தேன். அவர் தடுக்கவில்லை. அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை விருந்துக்குப் போனேன். போகாவிட்டால் அண்ணி கேட்பார். பெண் வெள்ளை உடுப்பில், தலையில் பூமுடியோடு, சட்டையில் குழம்பு பட்டுவிடக் கூடாது என்று கையை அகட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி எனக்கு இரண்டாம் முறை கறி வைத்தார். அண்ணன் பாத்திரம் தூக்குவதும் வைப்பதுமாக, நான் இருந்த பக்கம் வராமல் பார்த்துக்கொண்டார். குவாட்டர்ஸ் என்பது இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் பப்பாளி மரம். அன்று ஒவ்வொரு சுவரையும் பார்த்தபடியே சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை துரை வந்ததும் உள்ளே போய் நின்றேன். கூலியாட்களிடம் அவர் மலாயில்தான் பேசுவார். நானும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அண்ணன் வேலையை முடித்துவிட்டார், அதன் பிறகு நானாகத்தான் பழையதை எடுத்தேன் என்று சொன்ன பொய்யைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. அவர் ஏழு தாள்களையும் மேசையில் பரப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஏன் எடுத்தாய் என்று கேட்டார். புதுப் பெயர் வந்ததால் பழைய பெயர் வேண்டாம் என்று நினைத்தேன் என்றேன்.

“என் பெயரும் தப்பாக இருக்கலாம்,” என்றார் மலாயில். “எனக்குப் பின்னால் வருகிறவன் எதைப் பார்த்து என்னைத் திருத்துவான்?”

பிறகு சொன்னார், அந்தத் தும்பை முதல் தாளாக இருந்திருக்கலாம் என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்ததாம். கல்கத்தாவுக்கு எழுதிக் கேட்க நினைத்திருந்தார். அதை நிரூபிக்க இருந்த ஒரே சாட்சி அந்தச் சீட்டு. இனி யாராலும் சொல்ல முடியாது. நான் அதில் ஊர் பார்த்தேன் என்றேன். சட்டென்று ஒரு தாளைத் தள்ளி, பார்த்த எழுத்துகளை எழுது, தெரியாததை எழுதாதே என்றார். ஊரை எழுதினேன். பக்கத்தில் ஏதோ ஆண்டு இருந்தது, நினைவில்லை. ஆள் பெயர் இருந்தது, அதுவும் நினைவில்லை. அதையும் சொன்னேன்.

அண்ணனைக் கூப்பிட்டார். இவன் சொல்வது உண்மையா என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றார். துரை ஏழு தாள்களையும் ஒன்றாக அடுக்கினார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்குப் போகிற மனிதர், இன்னொரு சண்டையை இழுத்துப்போட்டுக்கொள்ள அவருக்கும் தெம்பு இல்லாமல் இருந்திருக்கலாம். என் கை படும்படி அலமாரியைப் பூட்டாமல் விட்டதற்கு அண்ணனுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. எனக்கு அன்றோடு வேலை இல்லை.

போவதற்கு முன் ஒரு வேலை கொடுத்தார். அவரே தட்டச்சு செய்த ஏழு சிறு சீட்டுகள். பழைய சீட்டுகள் சிங்கப்பூரில் ஒரு கூலியாளால் தவறுதலாக நீக்கப்பட்டன என்று ஆறிலும் இருந்தது. ஏழாவதில், நீக்கியவரின் நினைவுப்படி அதில் தரங்கம்பாடி என்று இருந்தது என ஒரு வரி கூடுதல். வெளுத்திருந்த இடத்தின் மேல் படாமல், பக்கத்தில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து கட்டுவதற்குக் கயிறு வெட்டிக்கொண்டிருந்தார். கடைசித் தாள் முடிந்ததும் பசைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கையக் கழுவிக்கிட்டுப் போ,” என்றார். “சோத்துல வெசம் போயிரும்.”

நன்றி என்று எதுவும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவர் பயந்த பயம் என்னால் வந்தது.

வெளியே போகும் வழி குவாட்டர்சைத் தாண்டித்தான். அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பிள்ளையின் வெள்ளை உடுப்பு கொடியில் தொங்கியது. அண்ணன் வீட்டில் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

“என்னா தம்பி, இன்னிக்கு வெள்ளனப் பொறப்பட்டாச்சு?”

“வேல முடிஞ்சிருச்சு அண்ணி.”

“கொடுத்து வச்சவரு. எங்க ஆளு இருட்டுனாதான் வருவாரு. நாளைக்கு வரும்போது தேக்காவுல நெத்திலிக் கருவாடு கெடச்சா வாங்கிட்டு வாங்க. இங்க விக்கிறது ஒரே மண்ணு.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலை சந்தையில் கருவாடு வாங்கினேன். தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் புல்வெட்டி ஒருவன் என் தெருவிலேயே இருந்தான். பஸ் நிறுத்தத்தில் அவனைப் பிடித்துப் பொட்டலத்தைக் கொடுத்து, யார் வீட்டில் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன்.

“நீ வரலயா?”

“இல்ல. நிப்பாட்டிட்டாங்க.”

“அந்தம்மா கேட்டா என்னான்னு சொல்ல?”

“கருவாட்டக் கொடு. மத்தத அண்ணன் சொல்லிக்குவாரு.”

பஸ் வந்து அவன் ஏறிப் போனான். ஜூரோங்கில் சதுப்பு நிலத்தைத் தூர்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போய்க் கேட்க வேண்டும். ஆனால் அன்று போகவில்லை. கோப்பிக் கடையில் உட்கார்ந்தேன். கோப்பி தகரம் போல் ருசித்தது. குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் அங்கேயே இருந்தேன்.